மூடிடலாமா?

அத்தியாயம் 17

படையலில் வைப்பதற்குப் பச்சமுத்து ஒரு கோட்டர் பாட்டில் வாங்கி வந்திருந்தான்.

மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து, தேவாவின் படத்துக்கு முன்னால் விரித்திருந்த இலையின் ஓரத்தில், வடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான். பாட்டில் ஒருமுறை ஆடி நின்றது.

பாக்கியலட்சுமி கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எடு என்று சொல்லத் தோன்றவில்லை. இருக்கட்டும் என்றும் தோன்றவில்லை. மூன்று வருடமாக அவளுக்கு அப்படித்தான் இருக்கிறது. உப்பளத்தில் நின்று நின்று மரத்துப்போன உள்ளங்காலில் முள் ஏறினால், ஏறியது கண்ணுக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. மனசும் அந்தக் கால் மாதிரி ஆகிப்போயிருந்தது.

"சித்தப்பா, அத எடுங்க."

சொன்னது சந்தியா. சிறுசேரிப் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் வேலை செய்கிற மகள். அப்பாவின் மூன்றாம் வருடப் படையலுக்காக முந்தின நாள் பஸ் ஏறி வந்தவள்.

"புடிச்சத வெக்கிறதுதாம்மா படையல்" என்றான் பச்சமுத்து. "கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கீங்க. வெத்தல பாக்கு வெச்சிருக்கீங்க. இத மட்டும் இன்னாத்துக்கு உடணும்?"

"அப்பா குடிய உட்டு ஒரு வருசம் ஆயிருந்துது, சாவும்போது."

"உட்டான்னுதான் நாமளும் நெனச்சிக்கினு இருந்தோம்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னான். மூன்று வருடமாக ஊர் முழுக்க அதே வருத்தத்தோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் வந்தவர்களுக்குத் தெரியும். தேவா உப்பளத்தில் மோட்டார் பார்த்தவன். போர்வெல்லிலிருந்து உவர்த் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற மோட்டார். ஒருநாள் காலை கொட்டகையில் அந்த மோட்டார் மேலேயே விழுந்து கிடந்தான். ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தது அவன் தம்பி பச்சமுத்து. "உசுரு போயிட்டுது. வாயெல்லாம் சாராய வாடை" என்று முதலில் சொன்னதும் அவன்தான். வாடையை வேறு யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ் என்று போனால் உடம்பை அறுப்பார்கள் என்று பெரிய மனுஷர்கள் நாலு பேர் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் எரித்துவிட்டார்கள். குடித்துவிட்டுக் கரண்டில் கை வைத்தான் என்பது ஊர்ப்பேச்சாக நின்றுவிட்டது. இப்போது அந்த மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன் பச்சமுத்து.

பாக்கியலட்சுமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அன்றைக்குக் குடித்திருந்தானா?

குடித்திருந்தால், பெருமுக்கல் மலையேறிப் போய் அவள் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது பொய். கடைசி ஒரு வருடம் அவளோடு சிரித்துப் பேசி வாழ்ந்ததும் பொய். குடிக்கவில்லை என்றால் ஊர் சொல்வது பொய். இரண்டில் எது பொய் என்று தெரியாமல் அவளால் அழக்கூட முடியவில்லை. எதற்கென்று அழுவது?

"மணி பதினொன்னே முக்கால்" என்றாள் சந்தியா. "போன் பன்னெண்டுக்கு வரும்."

"இன்னா போனு?" என்றான் பச்சமுத்து.

"மோட்டார் கம்பெனிலேருந்து."

அவன் கேட்டுக்கொண்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

*

விஷயம் பொங்கலுக்கு வந்தபோது ஆரம்பித்தது.

தகரப் பெட்டியில் கிடந்த தேவாவின் பட்டன் போனை எடுத்து சந்தியா சும்மா சார்ஜ் போட்டுப் பார்த்தாள். உயிர் வந்தது. சிம் கார்டு அதில் இல்லை. அந்த நம்பரை விட மனசில்லாமல் பாக்கியலட்சுமி அதைத் தன் போனில் போட்டு வைத்திருந்தாள். ஆனால் போனுக்குள் பழைய அழைப்புகளின் பட்டியல் அப்படியே இருந்தது. அதில் கடைசியாக இருந்த அழைப்பு அவன் பேசியது. செத்த அன்றைக்குக் காலை ஆறு ஐந்துக்கு, மோட்டார் கம்பெனியின் இலவச நம்பருக்கு. பதினோரு நிமிடம் பேசியிருந்தான்.

மோட்டார் உப்பள முதலாளியுடையதுதான். ஆனால் வாங்கும்போது கேரண்டி கார்டுக்குப் போன் நம்பர் கேட்டார்கள். "உன்னுதையே குடுடா, மோட்டாரப் பாக்கறவன் நீதான. எனக்கு எதுக்கு அந்தத் தொல்ல" என்றார் முதலாளி. அதனால் கம்பெனிக் கணக்கில் வாடிக்கையாளர் தேவாதான்.

"அந்த நம்பர்ல பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆவும்மா" என்று அப்போது சந்தியா சொன்னாள். "அப்பா இன்னா பேசுனாருன்னு அங்க இருக்கும்."

"மூணு வருசமாவா வெச்சிருப்பாங்க?"

"வெச்சிருப்பாங்க. ஆனா கையெட்டற எடத்துல இருக்காது. தெனம் கேக்கறத எல்லாம் வேகமான டிஸ்க்குல வெப்பாங்க. அதுக்கு ராப்பகலா கரண்டு ஓடணும், ஏசி ஓடணும். யாரும் கேக்காதத டேப்புல எழுதி அலமாரில அடுக்கிடுவாங்க. அதுக்குக் கரண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அதுபாட்டுக்குக் கெடக்கும். எங்க எடத்துல கூட ஒரு ஹாலு முழுக்க அதுதான். யாராச்சும் கேட்டா ஒரு மெஷின் கை போயி, அந்த டேப்ப மட்டும் உருவிக்கினு வரும். ஒரு நாளு, ரெண்டு நாளு ஆவும்."

பாக்கியலட்சுமி யோசித்தாள்.

"நம்ம உப்புக் குவியலு மாதிரின்னு சொல்லு. இப்போ விக்கிறது களத்துல கெடக்கும். விக்காதத மேட்டுல கொட்டி, கீத்துப் போட்டு மூடிடறோம். அப்பறமா வேணும்னா தெறக்கறோம்."

"அதே மாதிரிதாம்மா" என்றாள் சந்தியா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நீயே எங்க ஆபீசுல வந்து பாடம் எடுக்கலாம்."

அதற்குப் பிறகுதான் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் என்று எட்டு மாதம் ஓடியது. நேற்றுத்தான் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவோம், அந்த நம்பருள்ள போனோடு இருங்கள்.

பாக்கியலட்சுமிக்கு அந்தப் பதினோரு நிமிடமும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

அது அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. தேவா வெறும் வாயோடு இருந்தால் யாருக்கும் மரியாதை கொடுக்க மாட்டான். கலெக்டரே வந்தாலும் "வா, குந்து"தான். உள்ளே கொஞ்சம் இறங்கிவிட்டால் மரியாதை பொங்கும். எல்லாருக்கும் 'ங்க'. வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட "கொஞ்சம் நகுருங்க" என்பான். அவன் வீட்டுக்குள் நுழைகிறபோது "சாப்பாடு இருக்குதுங்களா?" என்று கேட்டால் போதும், அவள் பாயை விரித்துவிடுவாள்.

கம்பெனி ஆளோடு அன்றைக்குக் காலை அவன் 'ங்க' போட்டுப் பேசினானா, போடாமல் பேசினானா? அதுதான் கேள்வி.

*

போன் சரியாகப் பன்னிரண்டுக்கு அடித்தது. சந்தியா ஸ்பீக்கரில் போட்டு, படத்துக்கு முன்னால் விளக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வணக்கம் மேடம். நான் தமிழ்வேந்தன் பேசறேன், கஸ்டமர் கேர்லருந்து. தேவா சாரோட அக்கவுண்ட் விஷயமா. நீங்க அவங்க மனைவிங்களா?"

"ஆமாம்" என்றாள் பாக்கியலட்சுமி.

"உங்க போனுக்கு ஆறு நம்பர்ல ஒரு ஓடிபி வந்திருக்கும். அத மட்டும் சொல்லுங்க."

சந்தியா படித்துச் சொன்னாள். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு திரும்பத் தட்டுகிற சத்தம்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்த அக்கவுண்ட் க்ளோஸ் ஆயிருக்குதே."

"க்ளோஸா?" என்றாள் சந்தியா. "நாங்க கேட்டுக்கினு இருக்கும்போது எப்டிங்க க்ளோஸ் பண்ணுவீங்க?"

"உங்க மெயில் வேற டிபார்ட்மெண்ட்டுக்குப் போயிருக்கு மேடம். இது வேற. மூணு வருஷமா யூஸ் பண்ணாத அக்கவுண்டுக்கெல்லாம் நாங்களே கூப்ட்டு சம்மதம் கேட்டு மூடறோம். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இந்த நம்பருக்குக் கால் போயிருக்கு. பேசியிருக்காங்க. சம்மதம்னு போட்டிருக்கு."

"மூடுனா அதுல இருக்கற ரெக்கார்டிங்கு?"

"பதினஞ்சு நாள் டைம் மேடம். அப்பறம் அழிஞ்சிடும்."

"பதினஞ்சு நாளு என்னிக்கி முடியுது?"

மறுபடியும் தட்டுகிற சத்தம்.

"இன்னிக்கு மேடம். சாயந்திரம் ஆறு மணிக்கு சிஸ்டமே அழிச்சிடும்."

சந்தியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா. யாருகிட்டம்மா பேசுன?"

பாக்கியலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. அன்றைக்கு மேற்கே மழைக் கருக்கல் கட்டி நின்றது. வாரிய உப்பைக் கூடையில் தூக்கிக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் உப்பு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் பேசினாள். ஒரு பெண். வேறு ஊர்க்காரப் பெண், தமிழ் கொஞ்சம் இடறியது. தேவா பெயரைச் சொன்னாள். மோட்டார் கம்பெனி என்றாள். பழைய ரெக்கார்டெல்லாம் இருக்கிறது, மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை, மூடிடலாமா என்றாள்.

"மூடிடுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"மூடுறதுன்னா இன்னான்னு நெனச்ச?"

"மூடுறதுன்னா மூடுறதுதான்."

வேறு எப்படிச் சொல்வது? உப்பளத்தில் மூடுவது என்றால் காப்பாற்றுவது. வானம் கறுத்தால் முதல் கேள்வியே அதுதான்: மூடிடலாமா? மூடாமல் விட்டால் ஒரே மழையில் குவியல் கரைந்து ஓடும். மூடியது ஐந்து வருடமானாலும் கிடக்கும். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் அவள் கேட்டதில்லை. கடையைக் கூட இந்தப் பக்கம் சாத்துவார்கள், மூட மாட்டார்கள்.

சந்தியா வாயைத் திறந்தாள். பொங்கலுக்குத் தானே "அதே மாதிரிதாம்மா" என்று சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"உட்டுத் தள்ளும்மா" என்றான் பச்சமுத்து சுவரோரத்திலிருந்து. "செத்தவன் பேச்சக் கேட்டு இன்னா ஆவப்போவுது. அண்ணி தெரியாம சொல்லிட்டுது. போனது போவட்டும். எல போட்டாச்சு, கற்பூரத்தக் காட்டு."

பாக்கியலட்சுமி இலையைப் பார்த்தாள். வடையில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வந்தது. வலி வரவில்லை. வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது.

"சார்" என்றாள் சந்தியா போனைப் பார்த்து. குரல் மாறியிருந்தது. வேலை செய்கிற இடத்தில் அவள் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. "லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"எங்கம்மா சம்மதம் சொன்னதா சொல்றீங்களே, அந்தக் காலும் ரெக்கார்டு ஆயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும்."

"பதினஞ்சு நாளுதான் ஆவுது. அது இன்னும் டேப்புக்குப் போயிருக்காது. வேகமான டிஸ்க்குலதான் இருக்கும். இப்பவே போட்டுக் கேளுங்க. எங்கம்மா அழிக்கச் சொன்னாங்களான்னு கேட்டுட்டு அப்பறம் பேசுங்க."

"மேடம், அதுக்கு எனக்கு பெர்மிஷன்..."

"நானும் டேட்டா சென்டர்லதான் சார் வேல செய்யறேன். எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நிமிசம்."

அவன் ஹோல்டில் போட்டான்.

*

ரெண்டு நிமிடம் இல்லை, பத்து நிமிடம் ஆனது.

போனில் கம்பெனியின் விளம்பரப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. தண்ணி பாயுது, வயல் சிரிக்குது என்று ஒரு பெண் பாடினாள். செத்தவன் படத்துக்கு முன்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்றால் லைன் போய்விடும்.

பச்சமுத்து எழுந்து வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மேக்கால கட்டுது. குவியல மூடணும்."

"சாப்டுட்டுப் போ" என்றாள் பாக்கியலட்சுமி.

"சாமி கும்படாம எப்டி சாப்பட்றது?"

"நீ பசி தாங்க மாட்ட. நான் போட்றேன், குந்து."

தனி இலையில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து பிசைய ஆரம்பித்தான். மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு அரிசி மூட்டை தூக்கி வந்தவன் அவன். சந்தியாவின் காலேஜ் ஹாஸ்டலுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவன். அவன் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்று ஒன்று தோன்றுகிற இடமே மரத்துப்போயிருந்தது என்பதும் உண்டு.

பாட்டு பாதியில் நின்றது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"கேட்டேன் மேடம்." தமிழ்வேந்தனின் குரலில் ஆபீஸ் கொஞ்சம் குறைந்திருந்தது. "எங்க சூப்பர்வைசரையும் கூப்ட்டு கேக்கச் சொன்னேன். உங்களுக்கும் போட்றேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க."

கரகரவென்று ஒரு சத்தம். காற்று. பிறகு பாக்கியலட்சுமியின் குரல், அவள் புருஷன் படத்துக்கு முன்னாலிருந்து பேசியது.

"மூடுங்கம்மா, மூடுங்க. நல்லா கனமா மூடி, மேல கல்லு ஏத்தி வெச்சிடுங்க. காத்துல தூக்கிக்கப் போவுது. ஒரு சொட்டு தண்ணி உள்ள எறங்கக் கூடாது, ஆமா. எங்க பொண்ணு வந்து கேக்கும். அது கேக்கும்போது தெறந்து குடுங்க. வேற யாரு கேட்டாலும் குடுக்காதீங்க."

"ஓகே மேடம், தேங்க்யூ மேடம், மூடிட்றோம்" என்றது இன்னொரு குரல்.

சந்தியா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"பேசுன பொண்ணுக்குப் புரியல மேடம்" என்றான் தமிழ்வேந்தன். "சம்மதம்னு டிக் பண்ணிட்டு அடுத்த காலுக்குப் போயிட்டாங்க. எனக்குத் திண்டிவனம் பக்கம்தான். எங்க மாமா வீடு அனுமந்தைல இருக்கு. கல்லு ஏத்தி வைங்கன்னதும் எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"இப்போ இன்னா பண்ணுவீங்க சார்?"

"அழிக்கறத நிறுத்தியாச்சு. சூப்பர்வைசரே போட்டுட்டாரு. சம்மதம் செல்லாதுன்னு எழுதியாச்சு. இப்போ எடுக்கச் சொல்லி ஆர்டர் போட்றேன். டேப்லருந்து வரணும், நாப்பத்தெட்டு மணி நேரம் ஆவும். செவ்வாக்கிழம மத்தியானம் உங்க மெயிலுக்கு வந்துடும்."

பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை. மூன்று வருடம் மூடிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள்தான். ஏதோ ஒரு ஊரில், குளிர்ந்த ஹாலில், அலமாரிக்குள் அவள் புருஷன் பேச்சு இருக்கிறது. மெஷின் கை போய் உருவப் போகிறது. 'ங்க' இருக்குமா, இருக்காதா? அவளுக்கு ஆசையாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. ஆனால் வலது கால் பெருவிரலில் சுருக்கென்று ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"ஆர்டர் போட்றதுக்கு முன்னாடி ஒருதடவ படிச்சிக் காட்டறேன், சரியான்னு சொல்லுங்க" என்றான் தமிழ்வேந்தன். "இந்த நம்பர்லருந்து எங்களுக்கு வந்த கால். அன்னிக்கு தேதில ரெண்டு கால் இருக்கு. ரெண்டையும் எடுத்துடலாமா?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் சந்தியா. "ஆறு அஞ்சுக்கு. பதினோரு நிமிசம்."

"அது முதல் கால் மேடம். ரெண்டாவது ஒண்ணு இருக்கு. ஏழு பத்துக்கு. நாப்பது செகண்ட்."

சந்தியா போனைக் கையில் எடுத்தாள்.

"அப்பா போனுல அப்டி ஒரு காலு இல்லியே சார். நானே பாத்தேன். கடைசிக் காலு ஆறு அஞ்சுதான்."

"போன்ல யாராவது அழிச்சிருந்தா இருக்காது மேடம். எங்ககிட்ட இருக்குது. இதே நம்பர்தான். ரெண்டும் எடுத்துடட்டுமா?"

ஆறரைக்கெல்லாம் தேவா உயிரோடு இல்லை என்று ஊருக்கே தெரியும்.

பாக்கியலட்சுமி தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலேயே அவளுக்குத் தெரிந்தது. சுவரோரத்தில் சோறு பிசைகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அவன் செத்த அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும், தேவாவின் போனை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தது யார் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. "தண்ணி பட்டிருந்துது அண்ணி, தொடச்சி எடுத்தாந்தேன்" என்றான். இத்தனை வருடமும் அது ஞாபகத்தில் இருந்ததுதான். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"ரெண்டும் எடுங்கய்யா" என்றாள்.

*

கற்பூரம் காட்டினார்கள். காக்காய்க்குச் சோறு வைத்தார்கள். சந்தியா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்திருந்த மெசேஜை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா எங்கம்மா?"

சுவரோரத்து இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவிய தண்ணீர்கூட இல்லை. படையல் இலையின் ஓரத்தில், வடைக்குப் பக்கத்தில், பாட்டில் நின்ற இடத்தில் ஒரு ஈர வட்டம் மட்டும் இருந்தது.

"குவியல மூடப் போயிருப்பான்" என்றாள் பாக்கியலட்சுமி.

"நானும் வரட்டா?"

"நீ இரு. அந்தப் போனு அணைஞ்சிடாம பாத்துக்க."

உப்பளம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வரப்பு மேலேயே நடந்தாள். இந்தப் பக்கம் வெள்ளையாக வெயில், அந்தப் பக்கம் மேற்கே கறுப்பாக வானம், நடுவில் கோடு போட்ட மாதிரி பாத்திகள். காற்றில் ஈர வாசனை வந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம் தாங்கும், மிஞ்சிப் போனால் அரை மணி.

பச்சமுத்து குவியல் பக்கத்தில் தார்ப்பாயை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தான். ஒற்றை ஆளால் அதை ஏற்ற முடியாது. அந்தப் பக்க முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வருடக்கணக்காக அந்த முனையைப் பிடிப்பவள் அவள்தான். முன்பு அவள் பிடித்த முனைக்கு எதிரில் தேவா நின்றான். இப்போது இவன் நிற்கிறான்.

அவள் குவியலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு உப்பு.

அவன் முகத்தில் வேர்த்திருந்தது. மழைக்காற்றில் யாருக்கும் வேர்க்காது. பாட்டிலை வழியிலேயே முடித்திருந்தான் போலிருக்கிறது. அந்த வாடை உப்பைத் தாண்டி வந்தது.

வாடை என்றால் இதுதான். இத்தனை தூரம் வருகிறது. அன்றைக்கு தேவாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளே, அப்போது அவளுக்கு என்ன வாடை வந்தது? யோசித்துப் பார்த்தாள். கருகிய ஒயர் வாடை. அது மட்டும்தான்.

"ஏழு பத்துக்கு யாருப்பா பேசுனது?" என்று கேட்கலாம். வாய் வரை வந்தது. கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. டேப் சொல்லட்டும்.

அவன் வானத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. தார்ப்பாயின் முனையை அவள் பக்கம் வீசினான். அது அவள் காலடியில் வந்து விழுந்தது.

"அண்ணி" என்றான். "மூடிடலாமா?"

பிறந்ததிலிருந்து கேட்ட கேள்வி. ஒரு தடவைகூட யோசித்துப் பதில் சொன்னதில்லை. இன்றைக்கு அந்த வார்த்தைக்கு அழித்துவிடுவது என்று இன்னொரு அர்த்தமும் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதல் துளி குவியல் உச்சியில் விழுந்தது. விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு குழி.

பாக்கியலட்சுமி குனியவில்லை. முனையை எடுக்கவில்லை.

"வேணாம்பா" என்றாள். "தெறந்தே கெடக்கட்டும்."